பலகையைத் திருப்பு, தள்ளாதே: ஸ்க்ரோல் சாவில் முதல் நான்கு வேலைகள்

மெல்லிய பிளேடால் பலகையில் உருவம் அறுக்கும் மெஷின்தான் ஸ்க்ரோல் சா. அதை வாங்கிய பலர் முதல் நாளே மயிலோ பிள்ளையாரோ அறுக்க உட்காருகிறார்கள். அரை மணிக்குள் நாலு பிளேடு போகிறது, கோடு பாம்பாக நெளிகிறது, மெஷின் பரணுக்கு ஏறிவிடுகிறது. தனக்குக் கை வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பிளேடின் எண், அதன் இழுவை (எவ்வளவு முறுக்கி மாட்டியிருக்கிறது என்பது), பலகையின் கனம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று தப்பாக இருந்திருக்கும். மூன்றையும் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு புதிய வெட்டு மட்டும் வரும்படி வரிசையாகப் போனால் நான்காவது வேலையிலேயே கோலம் அறுக்கலாம்.

தையல் மெஷின் மிதித்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது, துணியைத் திருப்புவதுதான் கையின் வேலை. இங்கே ஊசிக்குப் பதில் மெல்லிய பிளேடு, துணிக்குப் பதில் பலகை.

மெஷினும் பிளேடும்

16 இன்ச் மெஷின் என்றால் பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே சுமார் 40 செ.மீ. இடைவெளி என்று பொருள். தொடக்கத்துக்கு அது தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக நிமிஷத்துக்கு 400 முதல் 1,600 வெட்டு வரை வரும். பழகும்வரை 800–1,000 போதும். மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கி, அடியில் ரப்பர் பாய் வையுங்கள். வெறுமனே தூக்கி வைத்தால் மேஜையே அதிரும், அந்த அதிர்வு வெட்டில் பல் பல்லாகத் தெரியும். உட்கார்ந்தால் முழங்கை உயரத்துக்கு மெஷினில் பலகை வைக்கும் தட்டு வர வேண்டும்.

பிளேடு 5 இன்ச் நீளம். இரு முனையிலும் குறுக்கே குட்டி ஆணி வைத்தது பின் பிளேடு. முனை வெறும் தட்டையாக இருந்து திருகில் இறுக்கப்படுவது தட்டை பிளேடு. பின் பிளேடை மாட்டுவது சுலபம். ஆனால் உள்வெட்டுக்கு, அதாவது ஓரத்தைத் தொடாமல் நடுவில் மட்டும் குடைந்தெடுப்பதற்கு, பலகையில் 5 மி.மீ. அளவுக்குத் துளை போட்டால்தான் அந்த ஆணி நுழையும். தட்டை பிளேடுக்கு 1.5 முதல் 2 மி.மீ. போதும். எழுத்து, கோலம் போன்ற வேலை மனதில் இருந்தால் தட்டை பிளேடு பிடிக்கும் மெஷினாகவே வாங்குங்கள்.

எண் கூடக்கூட பிளேடு அகலமாகவும் பல் பெரிதாகவும் இருக்கும். பலகையின் கனம் 6 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை என்றால் 3ஆம் எண், 18 மி.மீ. அதாவது ஆசாரிமார் கணக்கில் 6 நூல் கனத்துக்கு 5ஆம் எண், 25 மி.மீ.க்கு மேல் 7 அல்லது 9. இந்த மூன்று நான்கு எண்களில் ஒவ்வொரு டஜன் இருந்தால் ஆறு மாதம் ஓடும். ரிவர்ஸ் டூத் என்று கேட்டு வாங்குங்கள். அதில் அடிமுனையில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பக்கம் பிசிறு எழாமல் அவை பார்த்துக்கொள்ளும். சுருள் பிளேடு எந்தப் பக்கமும் வெட்டும் என்று சொல்லி விற்பார்கள். அது உண்மைதான், அதனாலேயே புதியவர் கையில் அது கோட்டில் நிற்காது. இப்போதைக்கு வேண்டாம்.

மாட்டும்போது பற்கள் கீழ்நோக்கியும் உங்களைப் பார்த்தும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல்நுனியை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேல்நோக்கி ஓட்டும்போது சுரண்டினால் பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. தலைகீழாக மாட்டினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பலகை தட்டைவிட்டு எழும்பித் தடதடவென்று அடிக்கும். புதியவர்கள் மெஷின் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போவது பாதி நேரம் இதற்காகத்தான்.

இழுவையைக் காதால் பாருங்கள். பிளேடை விரலால் மீட்டினால் தந்தி போல ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டால் இன்னும் முறுக்குங்கள். பக்கவாட்டில் அமுக்கினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. தொய்ந்த பிளேடு மரத்துக்குள் வில்லாக வளையும். மேலே கோட்டில் இருப்பது போலத் தெரியும், திருப்பிப் பார்த்தால் அடியில் வேறு வடிவம் இருக்கும்.

அடுத்து தட்டு. அதன் கோணத்தைக் காட்டும் முள்ளை நம்ப வேண்டாம். 2 இன்ச் கனமுள்ள கட்டைத் துண்டு ஒன்றில் 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு கீறல் வெட்டுங்கள். மெஷினை நிறுத்துங்கள். கட்டையை அப்படியே சுற்றிக் கொண்டுபோய் பிளேடின் முதுகுப் பக்கம் அந்தக் கீறலைப் பொருத்துங்கள். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தட்டு பிளேடுக்குச் செங்குத்து. மேலோ கீழோ இடித்தால் சாய்வு இருக்கிறது. சுற்றி வைக்கும்போது சாய்வு இரட்டிப்பாகத் தெரிவதால் நூலளவு தப்பும் இதில் மாட்டிக்கொள்ளும்.

மரம்

மெல்லிய பிளைவுட்தான் சுலபம் என்று தோன்றும். 3 மி.மீ. பிளைவுட் ஒற்றையாக வெட்டினால் பிளேடு வெண்ணெயில் போவது போல ஓடும், நிறுத்துவதற்குள் கோட்டைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் எதிர்ப்பு இருந்தால்தான் கைக்குத் திருப்ப நேரம் கிடைக்கும். ஆகவே முதல் வேலைகளுக்கு 12 முதல் 18 மி.மீ. கனமுள்ள, அறுக்க எளிதான மரம் நல்லது: ரப்பர் மரம், பைன், சில்வர் ஓக். மெல்லிய பிளைவுட்டேதான் வேண்டும் என்றால் மூன்று தகடுகளை அடுக்கி ஓரத்தில் டேப் சுற்றி ஒன்றாக அறுங்கள். மூன்று உருவம் கிடைக்கும், கையும் நிதானப்படும்.

தேக்கு அழகு. ஆனால் அதில் உள்ள சிலிக்கா பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், முதல் மாதம் தொட வேண்டாம். பேக்கிங் பெட்டிப் பலகை எடுத்தால் ஆணி பாருங்கள், முத்திரையும் பாருங்கள்: எச்டி (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. பின்னதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் நன்றாகவே வெட்டுப்படும். அதன் தூள் மிக நுண்ணியது, பிசினும் கலந்தது. எந்த மரத்துக்கும் என்95 முகமூடி போடுங்கள், எம்டிஎஃப்புக்குக் கட்டாயம்.

படத்தை ஒட்டுதல்

பலகையை 150 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு மேலே முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதன் மேல் கிளூ ஸ்டிக்கால் படத்தாளை ஒட்டுங்கள். அதற்கும் மேல் தெளிவான பேக்கிங் டேப் ஒரு வரிசை. இந்தக் கடைசி அடுக்கு வீண் என்று தோன்றும். அதுதான் வெட்டும்போது பிளேடு சூடேறாமல் வழுக்கிப் போக உதவுகிறது. இது இல்லாமல் கடின மரம் அறுத்தால் ஓரம் கருகும். வேலை முடிந்ததும் மூன்று அடுக்கும் ஒரே உரிப்பில் வந்துவிடும். தாளை நேராக மரத்தில் ஒட்டியவர்கள் தின்னரும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பழகும் பலகை

12 மி.மீ. கனத்தில் 15 × 20 செ.மீ. துண்டு ஒன்றில் நேர்கோடு ஐந்து, அலை மூன்று, ஜிலேபிச் சுருள் இரண்டு, செங்கோணம் மூன்று வரையுங்கள். துப்பட்டா, தொளதொள கை, வளையல் எதுவும் வேண்டாம், கண்ணாடி போடுங்கள், முடியைக் கட்டுங்கள். பலகையை அமுக்கிப் பிடிக்கும் மெஷினின் காலைப் பலகையின் மேல் லேசாகப் படும்படி இறக்கி வையுங்கள். பழகியவர்கள் கழற்றிவிடுவார்கள், உங்களுக்கு இன்னும் அது வேண்டும்.

இரண்டு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பலகையில் பதிய, மற்ற விரல்கள் தட்டில் ஊன்றி நிற்கட்டும். எந்த விரலும் பிளேடுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. முதல் நேர்கோட்டை வெட்டும்போதே ஒன்று கவனிப்பீர்கள்: பலகையை நேராக நகர்த்தினாலும் வெட்டு ஒரு பக்கம் ஒதுங்கும். உங்கள் கையில் குறையில்லை. பெரும்பாலான பிளேடுகளில் பல் அடிக்கும்போது ஒரு பக்கம் பிசிறு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுகிறது. எவ்வளவு ஒதுங்குகிறது என்று பார்த்து, அதற்கு ஈடாகப் பலகையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தே நகர்த்துங்கள். ஐந்து கோடு முடிவதற்குள் அந்தச் சாய்வு கைக்கு வந்துவிடும்.

வேகமாகப் போக வேண்டும் என்று தள்ளாதீர்கள். பல் மரத்தைத் தின்னும் வேகம் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் தள்ளினால் பிளேடு பின்னால் வளையும், வளைந்த பிளேடு உடையும். தள்ளாமல் வெட்டவே இல்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. கடின மரத்தில் கால் மணி, அரை மணியிலேயே அப்படி ஆகலாம். பிளேடுக்கு அழுது பிரயோஜனமில்லை, கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுங்கள்.

செங்கோண மூலைதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். மூலைவரை வெட்டி வந்து நில்லுங்கள், மெஷின் ஓடட்டும். இப்போது பலகையை மயிரிழை அளவு உங்கள் பக்கம் இழுங்கள். பிளேடின் வழவழப்பான முதுகு மரத்தைத் தொடும், பல் காற்றில் ஓடும். அந்த நிலையில் முதுகையே அச்சாக வைத்துப் பலகையைச் சட்டென்று திருப்புங்கள். பல் பக்கம் அழுத்தம் வைத்துத் திருப்பினால் மூலை வட்டமாகக் குடையும். வெளி மூலை என்றால் இன்னும் சுலபம்: கோட்டைத் தாண்டிக் கழிவுப் பகுதிக்குள் போய், சின்ன வளையம் அடித்து, அடுத்த கோட்டில் வந்து சேருங்கள்.

முதல் வேலை: மீன்

12 மி.மீ. பலகையில் 12 செ.மீ. நீள மீன். வெளிக்கோடு மட்டும். செதில் கிதில் எதுவும் வேண்டாம். வாயும் வால் முனைகளும்தான் மூன்று கூர்மையான இடங்கள், மற்றதெல்லாம் நீண்ட வளைவு. வால் பக்கத்துக் கழிவில் தொடங்கிக் கோட்டில் சாய்வாக நுழையுங்கள். தொடங்கிய இடத்திலேயே வெட்டு வந்து சேரும்போது படி விழுந்தால் அங்கே உப்புத்தாள் போட இடம் இருக்கும். கண்ணுக்கு 4 மி.மீ. துளை. கோட்டின் மேலேயே வெட்டப் பார்க்காமல் கோட்டின் வெளி ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனால் தேய்ப்பதற்குக் கொஞ்சம் மரம் மிஞ்சும். ஒரே மீனை மூன்று முறை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது: நிற்கும் யானைப் புதிர்

18 மி.மீ. பலகை, 15 × 12 செ.மீ., 5ஆம் எண் பிளேடு. தட்டு செங்குத்தாக இல்லையென்றால் இந்த வேலையில்தான் தெரியும்: சாய்வாக வெட்டிய துண்டு ஒரு பக்கம் மட்டுமே கழலும், மறுபக்கம் தள்ளினால் ஆப்பு போல இறுகும். ஆகவே முன்சொன்ன கீறல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் படத்தை ஒட்டுங்கள். யானைக்குத் தும்பிக்கைதான் நோஞ்சான். ரேகை அதற்குக் குறுக்கே போனால் முதல் முறை கீழே விழும்போதே முறியும். தும்பிக்கை கீழே தொங்கும் படம் என்றால் ரேகை மேலிருந்து கீழாக ஓடட்டும்; கால்களுக்கும் அதுவே பலம்.

முதலில் வெளிக்கோடு முழுவதையும் வெட்டி யானையை எடுத்துவிடுங்கள். பிறகு உடலை ஐந்து துண்டாகப் பிரியுங்கள். துண்டுகளை இணைக்கும் குமிழின் கழுத்து 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தலை 10 மி.மீ. இருக்கட்டும். ஒவ்வொரு துண்டையும் வெட்டியதும் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தேய்த்து அகலப்படுத்த வேண்டாம், அதே வெட்டில் பிளேடை இன்னொரு முறை ஓட்டினால் போதும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை கையில் போகும் என்றால் ஒவ்வொரு துண்டும் 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாக அடங்காத அளவில் இருக்க வேண்டும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனைக்கு வைத்திருக்கும் அளவு அது.

மூன்றாவது: பெயர்ப் பலகை

இங்கேதான் உள்வெட்டு. தமிழ் எழுத்து என்பதால் ஆங்கிலப் படங்களில் வராத ஒரு சிக்கலும் சேர்ந்து வருகிறது.

எழுத்தை மரமாக நிறுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி எதோடும் ஒட்டாமல் தனியே விழும். ‘கண்ணன்’ என்று அறுத்தால் இரண்டு புள்ளி கையோடு வரும். எழுத்தைக் குடைந்தெடுத்துப் பலகையை நிறுத்தினால் புள்ளி வெறும் துளை, பிரச்சினையே இல்லை. ஆனால் க, வ, ழ போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள் அடைபட்ட துண்டு விழுந்துவிடும். எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்றைக் கட்டிப் போட்டாக வேண்டும்.

புதியவருக்கு முதல் வழியே சரி. 12 மி.மீ. பலகையில் 7 செ.மீ. உயர எழுத்து, கோட்டின் கனம் 10 மி.மீ. எழுத்துகளின் அடியில் 15 மி.மீ. பட்டை ஒன்று வரைந்து எல்லா எழுத்தும் அதில் ஊன்றி நிற்கும்படி செய்யுங்கள். ழவின் வால் பட்டைக்குள் மறையும் என்றால் பட்டையை அங்கே கொஞ்சம் இறக்கி வளையுங்கள். புள்ளியை எழுத்தின் தலையோடு 5 மி.மீ. கழுத்து வைத்து இணைக்கலாம். அது கண்ணை உறுத்தினால் புள்ளியே இல்லாமல் அறுத்து, பின்னால் 4 மி.மீ. பிளைவுட் ஒட்டி, புள்ளியைத் தனியே அதில் ஒட்டுங்கள். தனிப் புள்ளியை ரம்பத்தில் அறுக்க வேண்டாம், விரல் பிளேடுக்கு மிக அருகில் போகும், 10 மி.மீ. மரக்கோலைச் சீவி எடுங்கள். முதல் பலகைக்கு ‘நிலா’, ‘யாழினி’ போலப் புள்ளியில்லாத பெயர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

உள்வெட்டு இப்படி. அடைபட்ட ஒவ்வொரு இடத்திலும் கோட்டுக்கு 2 மி.மீ. தள்ளி ஒரு துளை போடுங்கள், அடியில் கழிவுப் பலகை வைத்துத்தான் போட வேண்டும். துளையின் அடிவாயில் எழும் பிசிறை உப்புத்தாளால் எடுங்கள். விட்டுவிட்டால் பலகை தட்டில் ஆடும். மெஷினின் மின்தொடர்பை எடுங்கள். பிளேடின் மேல்முனையைக் கழற்றி, பலகையின் துளைக்குள் கீழிருந்து விட்டு, மேலே மாட்டி இறுக்கி, மீட்டிப் பாருங்கள். வெட்டி முடிந்ததும் இதே வேலை தலைகீழாக. உள்வெட்டுகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிக்கோடு. முதலில் வெளியை வெட்டிவிட்டால் உள்ளே வெட்டும்போது பிடித்துக்கொள்ள மரம் இருக்காது.

பிளைவுட்டில் செய்தால் மலிவான சரக்கின் நடு அடுக்கில் பொந்து இருக்கும். எழுத்தின் குறுகிய இடத்தில் அது வந்தால் அங்கேயே முறியும். விளக்கில் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது: சிக்குக் கோலத் தாங்கி

டம்ளர் வைக்கும் தாங்கி. 1–3–1 என்று ஐந்து புள்ளி வைத்த சிக்குக் கோலம், புள்ளிகளுக்கு இடையே 35 மி.மீ., கோட்டின் அகலம் 6 மி.மீ., பலகை 8 அல்லது 9 மி.மீ. பிளைவுட், 3ஆம் எண் பிளேடு. கோட்டை மரமாக வைத்துப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். கம்பி குறுக்கே போகும் நான்கு சந்திப்புகளும் தாமாகவே இணைப்பாகிவிடுவதால் எதுவும் தனியே விழாது. சிக்குக் கோலம் இந்த வேலைக்கென்றே வரைந்தது போல இருப்பதற்கு அதுதான் காரணம்.

கணக்கு பாருங்கள்: ஐந்து உள்வெட்டு. நடு அறைக்கு நான்கு மூலை. சுற்றியுள்ள நான்கும் கண்ணீர்த்துளி வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை. வெளிக்கோட்டில் சந்திப்புக்கு இரண்டாக எட்டு. மொத்தம் பதினாறு மூலை. பழகும் பலகையில் செய்த அந்தத் திருப்பம் இங்கே பதினாறு முறை வருகிறது. கண்ணீர்த்துளிக்கு வயிற்றில் துளை போட்டு, மூலையை நோக்கி வெட்டிப் போய், அதே வெட்டில் பின்னால் வந்து, மறுபக்கமாகச் சுற்றி மூலையில் சேருங்கள். உள் மூலையில் திருப்புவதைவிட இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்திப்பது கூர்மையாக வரும்.

நடு அறையை முதலில் வெட்டுங்கள், பிறகு சுற்றியுள்ளவை, கடைசியில் வெளிக்கோடு. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவுக்கு வருவதற்குள் சட்டம் வலை போலத் தளர்ந்து, பிளேடோடு சேர்ந்து துள்ளும். தட்டின் வாய் பெரிதாக இருந்தால் பழைய சீட்டுக்கட்டு அட்டை ஒன்றில் 2 மி.மீ. துளை போட்டுப் பிளேடைச் சுற்றி டேப்பால் ஒட்டுங்கள். மெல்லிய கம்பிகளுக்கு அடியில் தாங்கல் கிடைக்கும், பிசிறும் குறையும். கோட்டின் அகலம் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 4 என்று போனால் மரத்தில் பளிச்சென்று தெரியும்; கோட்டிலிருந்து விலகிவிட்டால் சட்டென்று திரும்பி வராமல், இரண்டு மூன்று செ.மீ. தூரத்தில் மெல்ல வந்து சேருங்கள். விலகியது யாருக்கும் தெரியாது, திடுக்கென்று திரும்பியது தெரியும்.

தேய்ப்பும் பூச்சும்

உப்புத்தாள் 150, பிறகு 220. உள்ளறைகளுக்குத் தாளை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொம்மைக்கும் பெயர்ப் பலகைக்கும் அரக்கு பாலிஷ் நன்றாக இருக்கும்: மெல்லிய பூச்சு மூன்று, இடையே 320 தாளால் லேசான தேய்ப்பு. தாங்கிக்கு அரக்கு வேண்டாம், சூடான காப்பி டம்ளர் பட்ட இடம் வெள்ளையாக வளையம் போடும். அதற்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் அல்லது ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.